பழைய லூமியாவில் வேறு பிரவுசர் போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி இதுதான். சித்தப்பாவிடம் லூமியா 640 ஒன்று இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் 8.1 இயங்குதளத்தில் ஓடுவது. பேட்டரி நன்றாக நிற்கிறது, பேச்சு தெளிவாகக் கேட்கிறது, கீழே விழுந்தும் திரை உடையவில்லை. ஆனால் ஸ்டோர் திறப்பதில்லை, வாட்ஸ்அப் போய்விட்டது, செய்தித் தளங்களில் பாதி வெறும் வெள்ளைத் திரையாக நிற்கின்றன. குரோமோ ஃபயர்பாக்ஸோ போட்டால் சரியாகுமா? அவருக்கு இந்த போனை விட மனமில்லை.

சரியாகாது. குரோமும் ஃபயர்பாக்ஸும் விண்டோஸ் போனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்த மற்ற பிரவுசர்களை இனி இறக்கவும் முடியாது; 8.1-க்கான ஸ்டோரை மைக்ரோசாஃப்ட் 2019 டிசம்பர் 16 அன்று மூடிவிட்டது. அதே மாதம் 31-ஆம் தேதியோடு வாட்ஸ்அப்பும் எல்லா விண்டோஸ் போன்களிலும் நின்றது. சித்தப்பாவின் போனில் எதுவும் பழுதாகவில்லை. அதைச் சுற்றியிருந்தவை ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன.

இதை இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் "ஆப் இல்லாததால் விண்டோஸ் போன் செத்தது" என்று எல்லோரும் சொல்வதில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. நான் அந்த போனுக்கு ஆப் எழுதிக்கொண்டிருந்தவன் என்பதால் அந்த மறுபாதியைச் சொல்லியாக வேண்டும். சின்ன இயங்குதளம் எதற்கும் ஆப் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறையைத் தாங்கிப் பிடிக்கக்கூடியது பிரவுசர் ஒன்றுதான். விண்டோஸ் போனில் அந்த பிரவுசரையும் பூட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்று சித்தப்பாவுக்கு மாற்றுவழி ஏதும் மிஞ்சவில்லை.

முதலில் அந்த வெள்ளைத் திரையைப் பார்ப்போம். 8.1-இல் இருப்பது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2015-இல் ஒரு பெரிய தரநிலை வந்தது. அதில் வந்தவற்றுள் ஒன்று => என்ற அம்புக்குறி; ஒரு செயல்கூற்றைச் சுருக்கமாக எழுத உதவும். இன்று வலைத்தளம் எழுதுகிற எவரும் ஒரு நாளைக்கு நூறு முறை அதைத் தட்டுகிறார்கள். எக்ஸ்புளோரர் 11-க்கு அந்தக் குறி தெரியாது. தெரியாத குறி வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகாது; "இலக்கணப் பிழை" என்று முழுக் கோப்பையும் தள்ளிவிடும். இன்றைய தளங்களில் பலவற்றில் சர்வரிலிருந்து வரும் பக்கம் ஏறக்குறையக் காலியாகத்தான் வருகிறது. தலைப்பு, படம், செய்தி எல்லாவற்றையும் கட்டி எழுப்புவது அந்த ஸ்கிரிப்ட் கோப்புதான். கோப்பைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது வெள்ளைத் திரை. சித்தப்பா பத்து முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் அதேதான் வரும்.

சில தளங்களில் அதுகூட வராது. "இந்தத் தளத்தின் சான்றிதழில் சிக்கல்" என்று எச்சரிக்கை வரும். ஒரு தளம் அசலானதுதான் என்று உறுதி சொல்வது சான்றிதழ். அதைக் கொடுக்கும் நம்பத் தகுந்த நிறுவனங்களின் பட்டியல், அவற்றின் மூலச் சான்றிதழ்களாக, ஒவ்வொரு போனுக்குள்ளும் இருக்கிறது. அந்த மூலச் சான்றிதழ்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் சேவை சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உலகத்தின் ஏகப்பட்ட சிறு தளங்கள் அந்தச் சேவையைத்தான் பயன்படுத்துகின்றன. புதிய மூலச் சான்றிதழ் கைக்கு வந்து சேராத பழைய சாதனங்களில் அந்தத் தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. இதெல்லாம் அப்டேட் வரும் போனில் யார் கவனத்துக்கும் வராமல் நடந்து முடிந்துவிடும்.

"அப்படியானால் எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமே" என்று கேட்கலாம். எஞ்சின் என்றால் பக்கத்தைப் படித்து, ஸ்கிரிப்டை ஓட்டி, திரையில் வரையும் உள்பகுதி. குரோமுக்கு ஒன்று, ஃபயர்பாக்ஸுக்கு ஒன்று. அதை மாற்ற முடியாதபடிதான் இந்தக் கதை 2010-இலேயே தொடங்குகிறது.

விண்டோஸ் போன் 7 அந்த ஆண்டு அக்டோபரில் வந்தது. வெளியார் எழுதும் ஆப்கள் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட், எக்ஸ்என்ஏ என்ற இரண்டு நிரல் கருவிகளில் மட்டுமே எழுதப்பட வேண்டும். சி, சி++ நிரல் கூடாது. ஆனால் பிரவுசர் எஞ்சின்கள் எல்லாம் சி++ நிரல்தான், பல லட்சம் வரிகள். பழைய விண்டோஸ் மொபைலுக்காக ஃபயர்பாக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்த மோசில்லா, இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்ததும் 2010 மார்ச்சிலேயே அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. போன் கடைக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே ஃபயர்பாக்ஸின் கதை முடிந்துவிட்டது.

2012-இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது சி++ அனுமதிக்கப்பட்டது. ஆனால் இன்னொரு கதவு சாத்தியே இருந்தது. இன்றைய எஞ்சின்கள் ஜாவாஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்து ஓட்டுவதில்லை. ஓடும்போதே அதை இயந்திரக் குறியீடாக மாற்றி, நினைவகத்தில் வைத்து, நேராகச் செயலிக்குக் கொடுக்கின்றன. வேகம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. தானே உருவாக்கிய குறியீட்டை ஓட்டும் உரிமையை ஸ்டோர் ஆப்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுக்கவில்லை. பாதுகாப்புக்காக என்ற காரணம் நியாயமானதுதான். அதே உரிமை இல்லாமல் ஒரு போட்டி பிரவுசர் ஓடினால் நொண்டியபடிதான் ஓடும் என்பதும் உண்மை. போதாக்குறைக்கு, இயல்பான பிரவுசர் எது என்று மாற்றும் வசதியும் கிடையாது. மெசேஜில் வந்த இணைப்பைத் தொட்டால் எக்ஸ்புளோரர்தான் திறக்கும்.

ஆகவே ஸ்டோரில் "பிரவுசர்" என்ற பெயரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்புளோரருக்கே வேறு சட்டை போட்டுவிட்டவை. டேப் அமைப்பு வேறு, நிறம் வேறு, உள்ளே எஞ்சின் ஒன்று. அதனால், ஏற்கெனவே ஏதாவது வேறு பிரவுசர் சித்தப்பாவின் போனில் இருந்தாலும் பெரும்பாலும் அதே வெள்ளைத் திரைதான் வரும்.

ஐபோனும் எல்லா பிரவுசர்களையும் தன் எஞ்சினில்தானே ஓட வைத்தது என்று சிலர் சொல்வார்கள். வைத்தது. ஆனால் ஐபோனை விட்டுவிட்டு வலைத்தளம் கட்ட யாருக்கும் துணிவில்லை. ஆப்பிளும் ஆண்டுதோறும் எஞ்சினைப் புதுப்பித்தது. சந்தையில் சிறிய பங்கு வைத்திருக்கும் ஓர் இயங்குதளம் அதே சட்டத்தைப் போட்டால் இழப்பு அதற்குத்தான்.

ஆண்ட்ராய்டு செய்ததைப் பாருங்கள். 8.1 வந்த அதே 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 வந்தது. அதில் வெப்வியூ என்ற வலைப்பகுதியை இயங்குதளத்திலிருந்து பிரித்து, ஸ்டோர் வழியாகத் தனியே அப்டேட் ஆகும்படி செய்தார்கள். போன் நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்ட பிறகும் வலை எஞ்சின் மட்டும் பல ஆண்டுகள் புதிதாகிக்கொண்டே வந்தது. விண்டோஸ் போனில் எக்ஸ்புளோரர் புதிதாக வேண்டுமென்றால் முழு இயங்குதளமும் புதிதாக வேண்டும்: 7.5-க்கு எக்ஸ்புளோரர் 9, 8-க்கு 10, 8.1-க்கு 11. இயங்குதளம் நின்ற அன்றே பிரவுசரும் நின்றது.

திறந்த பிரவுசர் ஒன்று ஒரு போனை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோக்கியாவின் பல பட்டன் போன்களில் தமிழ் எழுத்துரு இருக்காது. தமிழ்த் தளம் எதைத் திறந்தாலும் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கும். அப்போது ஓபரா மினியை இறக்கி, முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசிவரை கீழே போய், சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தவா என்ற வரியில் "ஆம்" என்று மாற்றிச் சேமிப்போம். அடுத்த முறை பக்கத்தைத் திறந்தால் தமிழ்! ஓபராவின் சர்வர் அந்தப் பக்கத்தின் எழுத்துகளைச் சிறு படங்களாக வரைந்து அனுப்பும்; போனுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தை நகலெடுக்க முடியாது, டேட்டா கொஞ்சம் கூடும், ஆனாலும் தமிழ் வலைப்பதிவுகளையும் செய்திகளையும் கைபேசியில் படிக்கும் பழக்கம் பலருக்கு இந்த வழியாகத்தான் வந்தது. தமிழுக்காக நோக்கியா எதுவும் செய்யாத அந்த போன்களில், வெளியார் ஒரு பிரவுசரைக் கொண்டுவர விட்டதே போதுமாக இருந்தது.

அந்த ஓபரா மினி விண்டோஸ் போனுக்குச் சோதனைப் பதிப்பாக வந்து சேர்ந்தது 2014 செப்டம்பரில். பக்கத்தைச் சர்வரிலேயே சமைத்து அனுப்பும் முறை என்பதால் போனின் எஞ்சினைப் பற்றி அதற்குக் கவலை குறைவு. பூட்டிய கதவுக்குக் கீழே நுழையக் கூடிய வகை அது. நான்கு ஆண்டு தாமதமாக வந்தது.

எஞ்சின் பழசாவதற்கு முன்பே, அது நன்றாக இருந்த காலத்திலேயே, இன்னொரு தொல்லை இருந்தது. தளங்கள் விண்டோஸ் போனை அடையாளம் கண்டுகொண்டு ஒதுக்கின. ஒவ்வொரு பிரவுசரும் தளத்தைக் கேட்கும்போது "நான் இன்னார்" என்று ஒரு வரி அனுப்பும். பல தளங்கள் அதில் ஐபோன் அல்லது ஆண்ட்ராய்டு என்ற பெயர் இருந்தால் நல்ல மொபைல் பக்கத்தையும், இல்லாவிட்டால் பழைய பட்டன் போனுக்கான மொட்டைப் பக்கத்தையும் கொடுத்தன. இதற்கு மைக்ரோசாஃப்ட் கண்ட தீர்வு 8.1-இன் அப்டேட்டில் வந்தது. அந்த வரியில் "விண்டோஸ் போன் 8.1" என்று தொடங்கி, பிறகு "ஆண்ட்ராய்டு 4.0" என்றும், "ஐபோன் ஓஎஸ் 7 போன்றது" என்றும், "மேக்" என்றும், "சஃபாரி" என்றும் எல்லாப் பெயர்களையும் கோத்துவிட்டார்கள். வாசலில் நிற்கும் காவலாளி எந்தப் பெயரைக் கேட்டாலும் உள்ளே விட்டுவிட வேண்டும் என்பதற்காக. தன் சொந்தப் பெயரில் வலையில் நடமாட முடியாத நிலைக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் போன் வந்திருந்தது என்பதை அந்த ஒரு வரியே காட்டிவிடும்.

2013 ஜனவரியில் விண்டோஸ் போனிலிருந்து கூகுள் மேப்ஸ் தளத்துக்குப் போனால் கூகுளின் முகப்புக்கே திருப்பி அனுப்பியது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அன்று இருந்த வெப்கிட் வகை எஞ்சின்களுக்காகக் கட்டிய பக்கம் என்று கூகுள் காரணம் சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் அந்தத் திருப்பலை எடுத்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் ஆப் எழுதி வெளியிட்டது. அதில் விளம்பரம் வராது, காணொளியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் நோட்டீஸ் அனுப்பியது. திருத்தி ஆகஸ்ட் 13 அன்று மீண்டும் வெளியிட்டார்கள்; இரண்டே நாளில் கூகுள் அதை முடக்கியது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் 5-இல் அந்த ஆப்பை எழுத வேண்டும் என்பது கூகுளின் நிபந்தனை. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நீங்களே அப்படி எழுதவில்லையே என்பது மைக்ரோசாஃப்டின் பதில். முதல் பதிப்பில் விளம்பரத்தை நீக்கியது மைக்ரோசாஃப்டின் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது கூகுளின் அழுத்தம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் போன் வாங்கியவர்கள். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது யூடியூப் தளத்தையே திறந்து காட்டும் ஒரு வெறும் ஆப்.

ஆப் பற்றாக்குறையில் எண்ணிக்கை ஏமாற்றும். 2014-இல் ஸ்டோரில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆப் இருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஒருவர் வாழ்நாளில் மூன்று லட்சம் ஆப் பயன்படுத்தப் போவதில்லை. அவருக்கு வேண்டிய இருபதில் இரண்டு இல்லாவிட்டால் அந்த போன் அவருக்கு உதவாது. இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில் சோதனைப் பதிப்பாக எட்டிப் பார்த்தது. அதற்கு முன்பே ரூடி ஹுயின் என்ற ஒரே டெவலப்பர் எழுதிய 6டேக் என்ற ஆப் அந்த இடத்தை நிரப்பியிருந்தது, அதுவும் மிக நேர்த்தியாக. ஒரு பெரிய நிறுவனம் செய்ய மறுத்ததை ஒரு மனிதர் செய்தார். அவர் எழுதிய ஸ்னாப்சாட் ஆப் 2014 டிசம்பரில் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது. இப்படித் தனி ஆட்களின் அன்பில் நின்ற இயங்குதளம் அது. அவர்கள் களைத்தால் தளமும் களைக்கும்.

களைக்க வைத்ததும் மைக்ரோசாஃப்ட்தான். நான் எழுதியது ஒரு தமிழ் நாட்காட்டி ஆப்: நாள், நட்சத்திரம், ராகு காலம், அவ்வளவுதான். 7-இல் சில்வர்லைட்டில் எழுதினேன். 8.1-இல் புதிய முறை வந்தது. திரையில் ஒரு பட்டன் வைக்கும் நிரல் அதுவரை சிஸ்டம்.விண்டோஸ் என்ற தொகுப்பில் இருந்தது, புதிதில் விண்டோஸ்.யுஐ.ஸாமல் என்று மாறியது. ஒரு சின்னச் செய்திப் பெட்டி காட்டும் வரிகூட வேறாகிவிட்டது. நட்சத்திரக் கணக்கைத் தவிர மீதி எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டியிருந்தது. பிறகு விண்டோஸ் 10-க்காக இன்னொரு முறை. எனக்கு அது பொழுதுபோக்கு. வங்கிக்கோ டாக்சி நிறுவனத்துக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு குழுவின் சம்பளம். சந்தையில் நூற்றுக்குச் சிலரே வைத்திருக்கும் போனுக்காக மூன்றாம் முறை அந்தச் செலவுக்கு ஒப்புதல் தர எந்த மேலாளரும் முன்வர மாட்டார். வாங்கியவர்களையும் இதே மாதிரிதான் நடத்தினார்கள். லூமியா 900 அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. ஜூன் 20 அன்று, 7-இல் ஓடும் போன் எதற்கும் 8 கிடைக்காது என்று அறிவித்தார்கள்.

ஆண்ட்ராய்டு ஆப்களையே ஓட்டிவிட்டால் என்ன என்று அவர்களும் யோசித்தார்கள். அஸ்டோரியா என்ற பெயரில் 2015 ஏப்ரலில் அறிவித்து, 2016 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அது முடிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் பிளாக்பெர்ரி 10 அதைச் செய்தே காட்டியது. 2014 ஜனவரியில் வந்த 10.2.1 பதிப்பில் ஆண்ட்ராய்டு ஆப் கோப்பை நேராக நிறுவலாம். அதன் பிரவுசரும் அந்தக் காலத்தில் மிக நல்ல பிரவுசர்களில் ஒன்று. ஆனால் பல ஆண்ட்ராய்டு ஆப்கள் கூகுளின் பிளே சர்வீசஸ் என்ற அடித்தளத்தை நம்பி எழுதப்பட்டவை. அது இல்லாத போனில் அறிவிப்பு வராது, வரைபடம் வராது, சில ஆப் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். 2017 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப் அங்கேயும் நின்றது.

இந்தியாவில் விண்டோஸ் போனைக் கடைசியாகக் கைவிட வைத்தது எது என்று கேட்டால், யூடியூபோ இன்ஸ்டாகிராமோ என்று சொல்ல மாட்டேன், பணம் என்பேன். 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 30 அன்று யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும் பீம் ஆப் வந்தது, ஆண்ட்ராய்டுக்கு. அடுத்து ஐபோனுக்கு. விண்டோஸ் போனுக்கு வரவே இல்லை. அதுவரை ஆப் இல்லாதது ஒரு வசதிக் குறைவு. அதன்பின் கடையில் காசு கொடுப்பதே ஆப் வழியாக என்று ஆகிவிட்டது.

இங்கேதான் நான் மேலே சொன்ன பிரவுசர் வாதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. யுபிஐயைப் பிரவுசரில் ஓட்ட முடியாது. முதன்முதலில் பதிவு செய்யும்போது ஆப் தானாகவே உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த எண் இந்த போனில்தான் இருக்கிறது என்று வங்கிக்கு உறுதிப்படுத்தும். சிம்மையும் போனையும் கணக்கோடு பிணைப்பது விதி. எந்த வலைப்பக்கத்துக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும் உரிமை கிடையாது. ஆகவே எவ்வளவு புதிய எஞ்சின் இருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு ஆப் வேண்டும், ஆப் வேண்டுமென்றால் வங்கி மதிக்கும் இயங்குதளம் வேண்டும்.

இன்று ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் விட்டு விலக நினைக்கிறவர்கள் செயில்ஃபிஷ், உபுண்டு டச் போன்ற சிறு இயங்குதளங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டும் மதிப்புக்குரிய முயற்சிகள். செயில்ஃபிஷ், நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய ஜொல்லாவின் படைப்பு. 2016-இல் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் என்ற போனில் இந்தியாவுக்கே வந்தது. அதன் பிரவுசர் ஃபயர்பாக்ஸின் எஞ்சினில் ஓடுகிறது. உபுண்டு டச்சை அதை உருவாக்கிய கனோனிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்டதும் யுபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்து நடத்துகிறது. அதன் மார்ஃப் பிரவுசர், குரோமுக்கு அடித்தளமான குரோமியம் வழி வந்தது. பிரவுசர் விஷயத்தில் விண்டோஸ் போனைவிட இவை நல்ல நிலையில் இருக்கின்றன. ரயில் டிக்கெட், செய்தி, மின்னஞ்சல் எல்லாம் பிரவுசரிலேயே முடித்துக்கொள்ளலாம். வங்கி ஆப் மட்டும் நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் அடுக்கு இருந்தாலும், இந்த போன் கூகுள் சான்று பெற்றதுதானா என்று பல வங்கி ஆப்கள் சோதிக்கின்றன. இல்லை என்று தெரிந்தால் திறக்க மறுக்கின்றன. எந்தச் சின்ன இயங்குதளத்தின் போனையும் வாங்குமுன் ஸ்டோரில் எத்தனை ஆப் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பிரவுசர் எஞ்சின் எந்த ஆண்டுடையது, இயங்குதளத்தைத் தொடாமல் அது தனியே அப்டேட் ஆகுமா என்ற இரண்டை விசாரியுங்கள்.

"சித்தப்பாவுக்கு ஜியோபோன் மாதிரி பட்டன் போன் வாங்கித் தரலாமா" என்ற எண்ணமும் வரும். அதில் இருக்கும் கைஓஎஸ், மோசில்லா கைவிட்ட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து பிறந்தது. முழு இயங்குதளமும் பிரவுசர் எஞ்சின் மேலேயே நிற்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2.5 பதிப்பில் இருக்கும் எஞ்சின் 2016 ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 48-க்கு இணையானது. போன்கள் பல ஆண்டுகள் விற்றன, எஞ்சின் அங்கேயே நின்றது. ஜியோபோன் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது, வாட்ஸ்அப் வந்தது 2018 செப்டம்பரில். 2024 ஜூனில் கைஓஎஸ்ஸில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கும் வாய்ப்பை நிறுத்திவிட்டார்கள். பேச மட்டும் என்றால் வாங்கலாம். பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க என்றால் வேண்டாம்.

சித்தப்பாவின் லூமியா இப்போதும் நன்றாகச் செய்யக்கூடியவை: பேச்சு, எஸ்எம்எஸ், ஹெட்செட் மாட்டி எஃப்எம், மெமரி கார்டில் உள்ள பாட்டு, கேமரா. ஏற்கெனவே இறக்கி வைத்த வரைபடம் இருந்தால் அதுவும் இணையம் இல்லாமலே ஓடும். பணம் அனுப்ப வேண்டுமென்றால் *99# என்று அழைத்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களையும் காலாவதித் தேதியையும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். வங்கியில் பதிந்த எண்ணாக இருந்தால் எந்த போனிலும் நடக்கும். அதே பிரவுசரில் வங்கித் தளத்தைத் திறந்து கடவுச்சொல் அடிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 ஜூலையிலேயே நின்றுவிட்டன. லூமியாக்களின் பூட்டை உடைத்து வேறு இயங்குதளம் ஏற்றும் கருவிகள் உண்டு, 520-இல் ஆண்ட்ராய்டே ஓட்டியிருக்கிறார்கள். கைவேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது அருமையான பயிற்சி. சித்தப்பாவின் அன்றாட போனில் செய்து பார்க்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பும் யுபிஐயும் அவருக்கு வேண்டும் என்றால் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் வாங்கிக்கொடுங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு தருவார்கள் என்று விலைக்கு முன்னால் அதைக் கேளுங்கள். படங்களை யுஎஸ்பி வயரில் கணினிக்கு எடுத்துவிடலாம். தொடர்பு எண்கள் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏறியிருந்தால், கணினியில் அவுட்லுக் தளத்துக்குள் போய் அவற்றைக் கோப்பாக இறக்கி, கூகுள் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

சிம்மையும் பார்த்துக்கொள்ளுங்கள். லூமியா 640-இல் மைக்ரோ சிம், புதிய போன் நானோ கேட்கும். இப்போதுள்ள சிம்மைச் சுற்றி உடைத்தெடுக்கும் பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் அதிலிருந்தே நானோவைப் பிரித்துவிடலாம், கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய சிம் என்றால் மாற்றுச் சிம் வாங்க வேண்டும். மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. மோசடியைத் தடுக்கப் போட்ட விதி அது. அந்த ஒரு நாள் ஓடிபியும் வராது, யுபிஐ பதிவும் நடக்காது. கேஸ் புக்கிங், மருந்துக் கடைப் பணம் என்று எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து மாற்றுங்கள்.